உங்கள் குப்பை வந்து சேரும் ஊரிலிருந்து

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,



அண்ணா நகரிலும் அடையாறிலும் அம்பத்தூரிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளிலும் நீங்கள் செய்துவரும் வேலைகளைக் கவனித்து வருகிறவள் நான். ஏரியைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறீர்கள். மொட்டைமாடியில் கத்தரியும் வெண்டையும் போடுகிறீர்கள். வீட்டு விசேஷங்களுக்குத் தாம்பூலப் பையைத் துணியில் தைத்துத் தருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடற்கரையில் குனிந்து பிளாஸ்டிக் பொறுக்குவதையும் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாதவர்கள் விடுமுறை நாளில் இத்தனை பாடுபட மாட்டார்கள்.

நான் வடசென்னையின் கொடுங்கையூரில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் நலச் சங்கங்கள் உண்டு. நாங்களும் மனு கொடுக்கிறோம், கூட்டம் போடுகிறோம், மனிதச் சங்கிலி நிற்கிறோம். ஆனால் உங்கள் சங்கமும் எங்கள் சங்கமும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. அந்தப் பேச்சைத் தொடங்கத்தான் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். இயற்கையோடு இசைந்து வாழ வேண்டும் என்று நீங்கள் போடும் கணக்கில், உங்கள் குப்பை போய் விழும் ஊரையும் அதை அள்ளுகிற கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் சேராத பசுமை, ஒரு தெருவைச் சுத்தமாக்கி இன்னொரு தெருவை நாறடிப்பதில்தான் முடியும்.

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. நகரின் வடக்கு, மத்திய மண்டலங்களின் குப்பை, அண்ணா நகரும் அம்பத்தூரும் உட்பட, எங்கள் கொடுங்கையூருக்கு வருகிறது. தேனாம்பேட்டை, அடையாறு, சோழிங்கநல்லூர் பக்கத்துக் குப்பை பெருங்குடிக்குப் போகிறது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே எழுந்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதே, பூநாரைகள் வருகின்றன என்று நீங்கள் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதே சதுப்புநிலம்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தபோது துரைப்பாக்கத்து அடுக்குமாடிகளின் பால்கனிகளுக்குள்ளும் புகை வந்தது. சன்னலைச் சாத்திவைத்துப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியவர்கள் உங்களில் இருப்பீர்கள். எங்கள் ஊரில் அந்தப் புகைக்குச் செய்தி மதிப்பு எப்போதோ போய்விட்டது. கோடை வந்தால் குப்பைமேடு எரியும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கொடுங்கையூர்க் கிடங்கின் பரப்பு சுமார் 340 ஏக்கர். ஒரு பக்கம் ஆர்.ஆர். நகரும் எழில் நகரும். சற்றுத் தள்ளினால் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை. நாற்பது ஆண்டுகளாகக் கொட்டப்பட்டதில் சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. அதற்கான திட்டச் செலவு 640 கோடி ரூபாய்க்கு மேல். வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் ஒரு பக்கம் பழையதைத் தோண்டி எடுக்கும்போதே மறுபக்கம் புதிய லாரிகள் வரிசையாக வந்து கொட்டுகின்றன. வந்து விழும் குப்பை குறையாதவரை அந்தக் கோடிகளால் எங்களுக்கு நிரந்தரமாக ஒன்றும் விடியாது.

எங்கள் ஊரின் மேல் இருக்கும் பாரம் குப்பை மட்டுமென்றால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். வடக்கே மணலியின் ஆலைகள், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையங்கள், சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகம். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும், குப்பை கொட்ட இடம் வேண்டும். இத்தனைக்கும் இடம் கொடுத்தது வடசென்னை. இங்கே மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தலித் குடியிருப்புகளும் இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால் இதெல்லாம் இங்கேதான் வந்திருக்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் வாசலுக்கு வருகிறேன்.

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை: காய்கறித் தோல், சோற்றுப் பருக்கை, காபித்தூள் சக்கை, வாழையிலை, பூஜைப் பூ. இது தனியாக இருந்தால் எரு. பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் ஒரே கவரில் கட்டினால் விஷம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்துதான் மீத்தேன் வருகிறது. அதில்தான் தீப்பிடிக்கிறது. மழை பெய்தால் அதிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர்தான் எங்கள் நிலத்தடி நீரிலும் கால்வாயிலும் சேர்கிறது. கண்ணாடி பாட்டிலாலும் அட்டைப் பெட்டியாலும் குப்பைமேடு நாறுவதில்லை. சமையலறைக் குப்பை அங்கே வருவதால்தான் நாறுகிறது. அந்த ஈரக் குப்பை உங்கள் கேட்டைத் தாண்டாமல் இருந்தால் கொடுங்கையூரின் தீயும் நாற்றமும் பெருமளவு குறையும்.

இது என் ஆசை மட்டுமில்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் நலச் சங்கங்களும் குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும், மறுசுழற்சிக்குரியதை அங்கீகரிக்கப்பட்ட குப்பை சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதற்குக் கொடுத்த அவகாசம் ஓராண்டு. அந்த ஓராண்டு 2017-இலேயே முடிந்துவிட்டது.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும்; பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். "நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், லாரியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள்." இது பல இடங்களில் உண்மை. பிரித்துக் கொடுத்தவர் கண்ணெதிரே அது கலக்கப்படும்போது மனம் விட்டுப்போவது இயல்பு. எடைக்குக் காசு என்று ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் குப்பையைக் குறைப்பதில் ஒப்பந்தக்காரருக்கு ஆதாயமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஈரக் குப்பை வளாகத்தை விட்டு வெளியே போகவே இல்லையென்றால் லாரியில் கலக்க அங்கே என்ன இருக்கிறது? உலர்ந்த குப்பை மட்டும் போனால் அது எந்த லாரியில் போனாலும் நாறாது, யார் கையையும் அழுகவைக்காது. மாநகராட்சி தன் பங்கைச் செய்யும்வரை காத்திருப்போம் என்று நீங்கள் இருந்தால், அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுப்பது நாங்கள்.

உரம் தயாரிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஈரக் குப்பைக்கு ஈடாகக் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும், காற்றுப் போக வேண்டும், அவ்வப்போது கிளறிவிட வேண்டும். உங்கள் வளாகத்து மரங்களின் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறீர்களே, அதை நிறுத்தினாலே பாதிச் சாமான் கிடைத்துவிடும். பல சங்கங்கள் ஆர்வமாகத் தொட்டி வாங்கிவைத்து ஆறு மாதத்தில் கைவிட்டதற்குக் காரணம் வேறு. தொட்டிக்கு நிதி ஒதுக்கினார்கள், ஆளுக்கு ஒதுக்கவில்லை. ஏற்கெனவே படிக்கட்டும் கழிவறையும் கழுவுகிற அம்மாவின் தலையிலேயே இதையும் கட்டினார்கள், சம்பளம் ஏறவில்லை. உரம் கிளறுவது ஒரு வேலை. வேலைக்குக் கூலி உண்டு. இதைச் சங்கத்தின் வரவுசெலவில் ஒரு வரியாக எழுதிய இடங்களில் தொட்டிகள் ஓடுகின்றன.

கூலி என்று சொன்னதும் இந்த மடலின் மையத்துக்கு வந்துவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோது நம் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கணக்காக உழைத்தும் நிரந்தரமாக்கப்படாமல், தங்கள் மண்டலங்களின் வேலை தனியார் நிறுவனத்திடம் போவதை எதிர்த்து உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 23,000 ரூபாயாக இருந்த மாத வருமானம், தனியாரிடம் போனால் 16,000, 17,000 என்று இறங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13 நாட்கள் வெயிலிலும் மழையிலும் இருந்தவர்களை, உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு காலை உணவுத் திட்டம் உட்பட அவர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம்.

அந்த நாட்களில் நகரத்தின் நலச் சங்கங்கள் என்ன பேசின என்று பார்த்தேன். குப்பை தேங்கிவிட்டது, எப்போது அள்ளுவார்கள் என்ற குரல் நிறையக் கேட்டது. அவர்கள் கேட்பது நியாயம், கொடுங்கள் என்ற குரல் மிகக் குறைவு. அந்தக் குறை இன்றும் என்னை வருத்துகிறது. மேயருக்கும் ஆணையருக்கும் நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் பதில் வருகிறது. உங்கள் சங்கத்து முத்திரைக்கு மாநகராட்சியில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை அந்த 13 நாட்களில் அந்தப் பெண்களுக்காகச் செலவழித்திருந்தால் அந்தப் போராட்டம் நள்ளிரவில் அப்படி முடிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

நகரின் பெரும்பாலான மண்டலங்களில் குப்பை அள்ளுவது ஏற்கெனவே தனியார் கையில்தான் இருக்கிறது. தனியார் வந்ததும் வண்டி புதிதாகிறது, சீருடை பளிச்சென்று ஆகிறது. நமக்கு அது தெரிகிறது. சம்பளச் சீட்டு நமக்குத் தெரிவதில்லை. வருங்கால வைப்புநிதி கட்டுகிறார்களா, ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா, வார விடுமுறை எடுத்தால் கூலி பிடிக்கிறார்களா, காலை ஆறு மணிக்கு வந்து மதியம்வரை தெருவில் நிற்கிற பெண் எங்கே போய்ச் சிறுநீர் கழிக்கிறாள்? இந்தக் கேள்விகளை உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் சொல்வார்கள். வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குடித்தால் கழிவறை தேட வேண்டும். தேடினால் எந்த வீட்டிலும் திறக்க மாட்டார்கள்.

இங்கே சாதியைப் பேசாமல் தாண்ட முடியாது. இந்த வேலைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை இது. அடுக்குமாடிகளில் இது சாதி என்ற பெயரில் வருவதில்லை, 'சுகாதாரம்' என்ற பெயரில் வருகிறது. வேலையாட்களும் குப்பை எடுப்பவர்களும் இந்த லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒட்டப்பட்ட தாள்களை நல்ல படிப்பாளிகள் வாழும் வளாகங்களில் பார்த்திருக்கிறேன். அதே சுவரில், அந்தத் தாளுக்கு அருகிலேயே, பூமியைக் காப்போம் என்று பிள்ளைகள் வரைந்த படமும் ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டையும் படித்துத்தான் வளர்கிறார்கள். முதல் தாளை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். அதற்குப் பொதுக்குழுக் கூட்டம் தேவையில்லை.

நாப்கினும் டயப்பரும் பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் நிறைந்த செயற்குழுக்களில் இது பேசப்படுவதே இல்லை. செய்தித்தாளில் சுற்றாமல், எந்த அடையாளமும் இல்லாமல் நாம் போடுவதைப் பிரிப்பவர் வெறும் கையால் திறந்து பார்க்கிறார். உடைந்த கண்ணாடியும் இன்சுலின் ஊசியும் அப்படித்தான் கைக்கு வருகின்றன. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் சங்கம் இதற்கு ஓர் எளிய வழி கண்டது. தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். 2013-இல் தாங்கள் சேகரித்த நாப்கின்களை அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே மூட்டை கட்டி அனுப்பியும் வைத்தார்கள். இதற்குப் பொறுப்பு எங்களுடையது மட்டும்தானா என்று அந்த மூட்டைகள் கேட்டன. 2016 விதிகளில், சுற்றி எறிவதற்கான உறையை நாப்கினோடு சேர்த்துத் தருவது தயாரிப்பாளர்களின் கடமை என்று எழுதப்பட்டது.

அந்தப் புனேப் பெண்களின் கதையை நம் சங்கங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1993-இல் குப்பை பொறுக்குபவர்களும் தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்குபவர்களும் சேர்ந்து 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் என்று தங்கள் கையில் புழங்கும் பொருள்களையே பெயராக வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை, திருடர்கள் இல்லை, இந்த நகரத்தின் செலவை மிச்சப்படுத்தும் தொழிலாளர்கள் என்று சொல்லி மாநகராட்சியின் அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறகு அந்தச் சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவு பிறந்து, 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீட்டு வாசலில் குப்பை எடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணத்தை நேரே அந்தப் பெண்களிடம் கொடுக்கிறது. உலர்ந்த குப்பையை விற்கிற காசும் அவர்களுக்குத்தான். ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லை. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழும். குடியிருப்பாளர்கள் பலர் பெண்கள் பக்கம் நிற்கிறார்கள். ஆண்டுக்கணக்காக ஒரே முகம் வாசலுக்கு வந்தால், பெயர் தெரிந்தால், அப்படி நிற்பது தானாகவே நடக்கிறது.

சென்னையிலும் கொடுங்கையூர் மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. கிடங்கை மூட வேண்டும் என்று நான் கேட்கும்போது அவர்கள் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி என்னைத் தொடர்கிறது. அவர்களை உங்கள் தெருவின் உலர் குப்பை மையங்களுக்கு அடையாள அட்டையோடும் கையுறையோடும் கூட்டிவருவதுதான் நியாயமான வழி. மேட்டில் புகைக்கு நடுவே பொறுக்குகிற அதே பொருளை நிழலில் மேசை போட்டுப் பிரிக்கலாம். அதற்கு உங்கள் வளாகத்தில் ஒரு கார் நிறுத்தும் அளவு இடம் போதும்.

இப்போது எரிஉலை. குப்பைப் பிரச்சினைக்குத் தீர்வாகக் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2025 மே மாதம் எங்கள் பகுதிச் சங்கங்கள் சேர்ந்து அதை எதிர்த்து மனிதச் சங்கிலி அமைத்தோம். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். நன்றி. வராதவர்களில் பலர், குப்பை மறைந்துவிடும், மின்சாரமும் வரும், இதில் என்ன தவறு என்று நினைத்திருப்பீர்கள். ஈரக் குப்பை எளிதில் எரியாது. 1987-இல் டெல்லி திமார்ப்பூரில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தோடு கட்டிய ஆலை சில வாரங்களிலேயே நின்றுபோனது. நம் ஊர்க் குப்பைக்கு எரியும் சக்தி போதவில்லை. அதை ஈடுகட்ட பிளாஸ்டிக்கையும் அட்டையையும் எரிக்க வேண்டும். அப்படியானால் மறுசுழற்சிக்குப் போக வேண்டியதும் குப்பை சேகரிப்போரின் வருமானமும் உலைக்குள் போகும். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். எரித்த பிறகும் சாம்பல் மிஞ்சும். அதைக் கொட்டவும் யாரோ ஒருவருடைய ஊர் வேண்டும். எல்லாவற்றையும்விட, ஆலையைக் கட்டிவிட்டால் அதற்கு ஆண்டுக்கணக்கில் தீனி போட்டாக வேண்டும். குப்பையைக் குறைக்கும் நகரம் அந்த ஆலைக்கு எதிரியாகிவிடும்.

டெல்லி ஓக்லாவில் நடந்ததை உங்களுக்கென்றே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போராடியது உங்களைப் போன்ற நடுத்தர வர்க்க நலச் சங்கம்தான். சுக்தேவ் விஹார் குடியிருப்பாளர்கள் 2009-இலேயே நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2012-இல் ஆலை ஓடத் தொடங்கியது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறி, 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் அபராதம், ஓடுவதற்கு அனுமதி. ஆலை வந்துவிட்ட பிறகு போராடுவதன் பலன் அவ்வளவுதான். ஓக்லாவில் குடியிருப்பாளர்களும் குப்பை சேகரிப்போரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூச்சு, இன்னொருவருக்குப் பிழைப்பு. எதிர்த்தது ஒரே உலையை.

வேறு மாதிரி முடிந்த கதையும் உண்டு. திருவனந்தபுரத்தின் குப்பை முழுவதும் விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த ஊர் மக்கள், கிராம ஊராட்சியே முன்னிற்க, 2011 டிசம்பரில் அங்கிருந்த குப்பை ஆலையைப் பூட்டினார்கள். காவல்துறைப் பாதுகாப்போடு வண்டிகள் வந்தபோது ஊரே சாலையில் திரண்டது. கதவு திறக்கவில்லை. குப்பை கொண்டுபோக இடமில்லாத நகரம் வேறு வழியின்றி வீட்டிலேயே உரமாக்கவும், காற்றோட்டமுள்ள பொதுத் தொட்டிகள் வைக்கவும் கற்றுக்கொண்டது. இன்று கேரளம் முழுக்க 'ஹரித கர்ம சேனை' என்ற பெண்கள் வீடு வீடாக உலர்ந்த குப்பையை வாங்கிக் கட்டணமும் பெறுகிறார்கள். இதே மாநிலத்தில்தான் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக எரிந்தது. எல்லாக் குப்பையையும் ஒரே இடத்துக்கு அனுப்பிய நகரத்தில் புகை, அனுப்ப முடியாமல் போன நகரத்தில் மாற்றம்.

திருவனந்தபுரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் வாய்க்காலில் அடைத்துக் கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். யாரோ வாய்க்காலில் வீசிய கவர்கள் அவர் உயிரைக் குடித்தன.

அதனால் உங்கள் வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டியையும் சேர்த்தே கேட்கிறேன். பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்குழியில் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இப்படி இறந்தவர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முதல் இடத்தில் நின்றிருக்கிறது. இந்த மரணங்கள் பல அடுக்குமாடிகளிலும் ஓட்டல்களிலும் தனியார் வீடுகளிலும் நிகழ்கின்றன. கூப்பிட்டது யார்? மேலாளர். மேலாளரிடம் சொன்னது யார்? செயலாளர். லாரி உறிஞ்சி முடித்த பிறகு அடியில் தங்கிய சகதியைக் கொஞ்சம் இறங்கி எடுத்துவிடு, தனியாகக் காசு தருகிறேன் என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பம் முடிந்துபோகிறது. உங்கள் வளாகத்தில் அந்த வாக்கியத்தை இனி ஒருவரும் சொல்லக் கூடாது. எழுத்தில் தடை போடுங்கள்.

இவ்வளவும் எங்கள் தலையிலேயா, மாநகராட்சிக்கு வரி கட்டவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கட்டுகிறீர்கள். அதனால்தான் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் வார்டில் அது எப்போது கூடியது, யார் வந்தார்கள் என்று பாருங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டே பெரிய திட்டங்களைத் தடுத்த ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. மதுரை அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள கிராமங்கள் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் அந்த ஊர்களின் மக்கள் மதுரை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே விவசாயிக்கும் கடைக்காரருக்கும் இடையிலும், சாதிக்குச் சாதியும் வேறுபாடு இல்லாமலா இருந்தது? இருந்தும் ஒன்றாக நடந்தார்கள். நகரத்தில் நமக்குப் படிப்பு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், தொலைக்காட்சி நிருபரின் எண் இருக்கிறது. ஒன்றாக நடப்பது மட்டும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த பொதுக்குழுவில், பராமரிப்புக் கட்டணமும் வண்டி நிறுத்துமிடமும் பேசி முடித்த கையோடு, இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஈரக் குப்பை வளாகத்தை விட்டு வெளியே போகாது என்று ஒரு தேதி குறித்துத் தீர்மானம் போடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு நியாயமான சம்பளத்தை வரவுசெலவில் எழுதுங்கள். உங்கள் ஏஜென்சி பணியாளர்களுக்கு வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கட்டியதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தரைத்தளத்துக் கழிவறை ஒன்றைக் குப்பை எடுக்க வருகிறவர்களுக்கும் காவலாளிகளுக்கும் பூட்டில்லாமல் திறந்துவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் தெருவின் தூய்மைப் பணியாளரையும் அழையுங்கள். ஓரமாக நிற்க வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தீர்மானத்தின் நகலை ஆணையருக்கும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம், தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்குங்கள் என்று நாங்கள் கொடுக்கும் அடுத்த மனுவில் எங்கள் சங்கங்களின் முத்திரைகளுக்குப் பக்கத்தில் உங்கள் சங்கத்தின் முத்திரையும் வேண்டும். வந்து கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கொடுங்கையூரில் குடியிருக்கும் உங்கள் சகோதரி